புதிய காரா, பழைய காரா?

இரண்டாம் கலீபா உமர் (ரலி) அவர்கள் ஒருமுறை ஒருவரிடம் குதிரையொன்றை விலைபேசினார்கள். பேரம் முடியும் முன்னர், அதன் ஓட்டத்தை அறிய விரும்பி அதன்மீது ஏறிச் சென்றார்கள். வழியில் குதிரைக்கு ஊனம் நேர்ந்துவிட்டது. குதிரையைத் திருப்பிக் கொடுக்க முற்பட்டபோது உடையவர் வாங்க மறுத்தார். வழக்கு ஷுரைஹ் என்னும் அறிஞரிடம் சென்றது. நலமாகப் பெற்ற குதிரையை நலமாகவே திருப்பித் தரவேண்டும். இயலாதெனில் விலையைக் கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டும் என்று அவர் தீர்ப்பளித்தார். தமக்கு எதிரான அத்தீர்ப்பைக் கலீபா மனமுவந்து ஏற்றார்கள். அந்த ஷுரைஹ் அவர்களையே பின்னர் கூபா நகரின் காஜியாகவும் நியமித்தார்கள்.

குதிரை போய்க் கார் வந்துவிட்டது. ஆனால் விலைபேசி, ஓட்டிப் பார்த்து, குறையறிந்து வாங்கும் வழக்கம் மாறவில்லை. அதில் எழும் வழக்குகளும் மாறவில்லை. வாங்குபவனுக்கு ஆராயும் உரிமை உண்டு. விற்பவனுக்கு உண்மை கூறும் கடமை உண்டு. இவ்விரண்டும் கூடிய இடத்தில்தான் வாகனம் நன்மை பயக்கும்.

தருமபுரி மாவட்டம் பென்னாகரம் வட்டத்து ஏரியூரை எடுத்துக்கொள்வோம். ஒருபுறம் குன்றுகளும் காடும். மறுபுறம் மேட்டூர் அணையின் நீர்த்தேக்கம். அண்மையிலுள்ள நாகமரையிலிருந்து அக்கரையிலுள்ள பண்ணவாடிக்கு மக்கள் நீரைக் கடந்து செல்கின்றனர். பெரிய மருத்துவம் வேண்டுமெனில் பென்னாகரம் கடந்து தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகவேண்டும். இப்பகுதி இளைஞர் பலர் பெங்களூரிலும் திருப்பூரிலும் உழைத்துப் பொருளீட்டுகின்றனர். முதிய பெற்றோருக்கு நள்ளிரவில் மூச்சுத் திணறினால் விடியற்காலைப் பேருந்துக்காகக் காத்திருக்க இயலுமா? இத்தகைய ஊரில் ஒரு சிறு கார் ஆடம்பரமன்று, தேவையே. ஆனால் தேவையென்று வாங்கிய பொருள் குடும்பத்தின் கழுத்தில் நுகத்தடியாக விழுந்துவிடக் கூடாது. எனவே புதியதா, பழையதா என்ற வினா எழுகின்றது.

ஒரு காலத்தில் இவ்வினாவுக்கே இடமில்லை. அம்பாசடரும் பிரீமியர் பத்மினியும் செல்வர் வீட்டு வாசலில் நின்றன. ஏனையோர் பார்த்துச் சென்றனர். 1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800 இந்நிலையை மாற்றியது. 796 சி.சி. கொள்ளளவுடைய அதன் சிறு எஞ்சின், நடுத்தரக் குடும்பத்தைக் காருக்குள் அமரவைத்தது. 1998-இல் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் சான்ட்ரோ பிறந்தது. 2015-இல் ஒரகடத்தில் உருவாகும் ரெனோ க்விட் வந்தது. இடையில், ஒரு லட்சம் ரூபாய்க் கார் என்று 2008-இல் அறிமுகமான டாடா நானோவை உலகமே வியந்து நோக்கியது. பத்தே ஆண்டுகளில், 2018-இல், அதன் உற்பத்தி நின்றுபோயிற்று. மாருதி 800-இன் உற்பத்தியும் 2014-இல் முடிவுற்றது. விலை குறைவு என்பது மட்டுமே ஒரு வாகனத்துக்குத் தகுதியாகிவிடாது என்பதை நானோவின் கதை உணர்த்துகின்றது.

முதலில் புதிய காரின் நன்மைகளை நோக்குவோம். அதன் முந்தைய வரலாற்றை யாரிடமும் விசாரிக்க வேண்டியதில்லை. குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு நிறுவனத்தின் உத்தரவாதம் உண்டு. அரசு விதித்துள்ள பாதுகாப்புக் கருவிகள் யாவும் அதில் இருக்கும். மேலும் 2025 செப்டம்பர் 22 முதல், நான்கு மீட்டருக்கு மேற்படாத நீளமும் 1,200 சி.சி.க்கு மேற்படாத பெட்ரோல் எஞ்சினும் உடைய கார்களுக்கு ஜி.எஸ்.டி. வரி 18 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. அதற்கு முன்னர் 28 விழுக்காடும், அதன்மேல் ஒரு விழுக்காடு கூடுதல் வரியும் இருந்தன. சிறு கார் வாங்குவோருக்கு இது பெரும் சலுகையே.

ஆனால் அறிவிப்புப் பலகையில் காணும் விலை வேறு. வண்டி வீடு வந்து சேரும்போது ஆகும் விலை வேறு. சாலை வரி, பதிவுக் கட்டணம், காப்பீடு ஆகியன அதன்மேல் ஏறும். கடையின் வாசலைத் தாண்டிய அன்றே புதிய கார் பழைய காராகி மதிப்பிழக்கத் தொடங்கும். இவற்றைவிடப் பெரிய சுமை கடனும் வட்டியுமாகும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். நான்கு லட்சம் ரூபாயை ஆண்டுக்கு 10 விழுக்காடு வட்டியில், ஏழாண்டுத் தவணையில் ஒருவர் பெறுகிறார் என்று கொள்வோம். மாதந்தோறும் சுமார் 6,640 ரூபாய் கட்ட வேண்டும். ஏழாண்டு முடிவில் அவர் செலுத்தியிருக்கும் மொத்தத் தொகை சுமார் 5,57,800 ரூபாய். அதாவது ஒன்றரை லட்சத்துக்கும் மேல் வட்டியாகவே போய்விட்டது. அந்த ஏழாண்டில் காரின் மதிப்போ ஆண்டுதோறும் தேய்ந்துகொண்டே வந்திருக்கும். தேயும் பொருளுக்காக வளரும் கடனைச் சுமப்பது எத்துணைப் பேதைமை! வட்டியை மார்க்கம் ஏன் இத்துணைக் கடுமையாகத் தடுத்துள்ளது என்பதற்கு இக்கணக்கே ஒரு விளக்கமாகும். அடுத்த வீட்டு வாசலில் புதிய கார் நிற்கிறது என்பதற்காக நம் வீட்டு அடுப்பை அணைத்துக்கொள்ள வேண்டுமா?

இனி, செகண்ட் ஹேண்ட் என்று ஊரார் சொல்லும் பழைய காரைக் காண்போம். முதல் சில ஆண்டுகளின் மதிப்பிழப்பை வேறொருவர் தாங்கிவிட்டார்; கையிலுள்ள பணத்துக்குள் வண்டி கிடைக்கலாம். ஆனால் இங்கே பணத்தை மிச்சப்படுத்துவது கண்ணும் காதும் பொறுமையுமே.

முதலாவதாக வண்டியின் தயாரிப்பு ஆண்டைக் கவனியுங்கள். 2014 தொடக்கத்தில் குளோபல் என்கேப் என்ற அமைப்பு இந்தியச் சிறு கார்கள் ஐந்தை மோதிப் பார்த்தபோது, அவற்றுள் ஒன்றேனும் பெரியவர் பாதுகாப்பில் ஒரு நட்சத்திரமும் பெறவில்லை. அதன் பின்னர் விதிகள் இறுகின. திடீரெனப் பிரேக் அழுத்தும்போது சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் காக்கும் ஏ.பி.எஸ். கருவி 2019 ஏப்ரல் முதலும், ஓட்டுநருக்கான ஏர்பேக் 2019 ஜூலை முதலும் புதிய கார்களில் கட்டாயமாயின. முன்னிருக்கையில் உடன் அமர்பவருக்கும் ஏர்பேக் 2022 தொடக்கம் முதல் எல்லாக் கார்களிலும் கட்டாயமாயிற்று. ஆகவே 2019-க்கு முற்பட்ட குறைந்த விலைக் கார் பலவற்றில் இவை இரா. விலையில் முப்பதாயிரம் குறைகிறது என்று மகிழும்முன், அக்குறைவு எதற்கு ஈடாக வந்தது என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

இரண்டாவதாக, எஞ்சின் ஆறியிருக்கும் காலை வேளையில் சென்று பாருங்கள். சூடேற்றி வைத்த எஞ்சின் தன் நோயை மறைத்துவிடும். புகைக்குழாயில் நீலப் புகை தொடர்ந்து வந்தால் எஞ்சின் ஆயிலைக் குடிக்கிறது. கரும்புகையெனில் பெட்ரோல் மிகையாக எரிகிறது. எஞ்சின் சூடேறிய பின்னும் வெண்புகை ஓயவில்லையெனில் குளிர்விக்கும் நீர் உள்ளே கசிகின்றதோ என்று ஐயுற வேண்டும். பென்னாகரம், ஒகேனக்கல் பக்கத்து ஏற்றத்தில் ஓட்டிப் பாருங்கள். எஞ்சின் சத்தம் ஏறியும் வேகம் ஏறவில்லையெனில் கிளட்ச் தேய்ந்துவிட்டது.

மூன்றாவதாக, கிலோமீட்டர் காட்டியை மட்டும் நம்பாதீர்கள். அதைத் திருத்துவோர் உளர். முப்பதாயிரம் கிலோமீட்டர் என்று காட்டும் வண்டியில் பெடல் ரப்பரும் ஸ்டியரிங் உறையும் தேய்ந்து வழுவழுப்பாக இருப்பின் அந்தக் கணக்கு பொய்யாகும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். முதல் இரண்டும் தயாரித்த வாரத்தையும், பின்னிரண்டும் ஆண்டையும் குறிக்கும். சர்வீஸ் செய்த ரசீதுகளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அவையே அவ்வண்டியின் நாட்குறிப்பு.

நான்காவதாக, நீரில் மூழ்கிய வண்டியை இனங்காண வேண்டும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையைச் சூழ்ந்த வெள்ளத்தில் எத்தனையோ கார்கள் மூழ்கின. அத்தகைய வண்டி கழுவித் துடைக்கப்பட்டுத் தொலைதூர ஊர்களில் விலைபோகக் கூடும். தரைவிரிப்பைத் தூக்கிப் பாருங்கள். இருக்கையின் அடியிலுள்ள இரும்பில் துரு, இருக்கைப் பட்டையை முழுதும் இழுத்தால் சேற்றுக் கறை, உள்ளே புழுங்கிய நாற்றம் ஆகியவை உண்மையைச் சொல்லிவிடும்.

இன்னொன்றும் உண்டு. 2023 ஏப்ரலுக்குப் பின் தயாரான கார்களின் பாகங்கள் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு ஏற்றவாறு அமைந்தவை. அதற்கு முற்பட்ட வண்டியாயின் எரிபொருள் செல்லும் ரப்பர் குழாய்களை மெக்கானிக்கைக் கொண்டு சோதிப்பது நலம். பெட்ரோல் சிக்கனத்தைப் பற்றி மிகையாகக் கவலைப்படவும் வேண்டியதில்லை. மாதம் 500 கிலோமீட்டர் ஓட்டும் குடும்பத்துக்கு, லிட்டருக்கு 20 கிலோமீட்டர் தரும் வண்டிக்கும் 15 கிலோமீட்டர் தரும் வண்டிக்கும் உள்ள வேறுபாடு எட்டு லிட்டர் அளவே. லிட்டர் நூறு ரூபாயெனில் ஆண்டுக்குச் சுமார் பத்தாயிரம் ரூபாய். ஒரே ஒரு பெரும் பழுது இதை விழுங்கிவிடும். எனவே மைலேஜைவிட எஞ்சினின் நலமே முதன்மையானது.

அடுத்து ஆவணங்கள். ஏரியூர்ப் பகுதியினர் பலர் பெங்களூரில் பணிபுரிவதால் கர்நாடகப் பதிவெண் கொண்ட கார்கள் இங்கு வருகின்றன. விலை மலிவாகத் தோன்றும். ஆனால் பிற மாநில வண்டியைப் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் இங்கு வைத்திருந்தால் இம்மாநிலப் பதிவெண் பெற்றாக வேண்டும். அதற்கு அங்குள்ள அலுவலகத்தின் தடையின்மைச் சான்று வேண்டும். இங்கு வரி கட்டவும் வேண்டும். இவ்விரண்டையும் கூட்டிப் பார்த்த பின்னரே மலிவா அன்றா என்று முடிவு செய்யுங்கள். ஆர்.சி. புத்தகத்தில் வங்கிக் கடன் குறிப்பு நீக்கப்பட்டுள்ளதா, அபராதம் ஏதும் நிலுவையில் உள்ளதா, எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் வண்டியில் உள்ளவற்றோடு ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரே மாநிலத்துக்குள் விற்பனையெனில் விற்றவர் 14 நாட்களுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் விதி. காப்பீட்டையும் வாங்கியவர் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

இதில் அலட்சியம் விற்றவரையே அழித்துவிடும். பெயர் மாற்றப்படாமலே பல கைகள் மாறிய ஒரு காரால் நேர்ந்த விபத்து வழக்கில், 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புக் கூறிற்று. எத்தனை கை மாறினும் பதிவேட்டில் எவர் பெயர் உள்ளதோ அவரே உரிமையாளராகக் கருதப்பட்டு, இழப்பீட்டுக்குப் பொறுப்பாவார் என்பது அத்தீர்ப்பு. வண்டியை விற்றுப் பணத்தைச் செலவழித்துவிட்டு நிம்மதியாக உறங்குபவரை, ஆண்டுகள் கழித்து நீதிமன்ற அழைப்பு எழுப்பக்கூடும். கொடுக்கல் வாங்கலை எழுதி, சாட்சி வைத்துக்கொள்ளுமாறு திருமறை வலியுறுத்துவதன் ஞானம் இங்குப் புலனாகின்றது.

இனி விற்பவரிடம் ஒரு சொல். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒருநாள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுள் கையை நுழைத்தார்கள், விரல்கள் ஈரமாயின. மழையில் நனைந்த தானியத்தை அடியில் வைத்து, உலர்ந்ததை மேலே பரப்பியிருந்தார் வணிகர். ஈரத்தை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்ட பெருமானார், ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள். நனைந்த தானியத்தால் நேரும் கேடு வயிற்றோடு போகும். பிரேக்கின் குறையை மறைத்து விற்கப்பட்ட காரோ, மலைச்சாலை இறக்கத்தில் ஒரு குடும்பத்தையே பலிகொள்ளும். மறைக்கப்பட்ட குறை வெளிப்பட்டால் பொருளைத் திருப்பித் தரும் உரிமை வாங்கியவருக்கு உண்டு என்பது மார்க்கச் சட்டம். ஆராய்ந்து முடிவு செய்ய மூன்று நாள் வரை அவகாசம் பேசிக்கொள்வதற்கும் அதில் இடமுண்டு. விற்பவர் இந்த அவகாசத்தைத் தாமே முன்வந்து அளிப்பாராயின் அதைவிடச் சிறந்த விளம்பரம் வேறில்லை.

ஜரீர் (ரலி) என்ற நபித்தோழருக்காக அவருடைய பணியாள் முந்நூறு திர்ஹத்துக்குக் குதிரையொன்றை விலைபேசி வந்தார். குதிரையைக் கண்ட ஜரீர் அவர்கள், இது அதைவிட உயர்ந்ததாயிற்றே என்று உடையவரிடம் கூறி, விலையைத் தாமே படிப்படியாக உயர்த்தி எண்ணூறு திர்ஹம் கொடுத்து வாங்கினார்கள். பிறர் நலம் நாடுவதாக நபிகளாரிடம் அளித்த வாக்குறுதியே அதற்குக் காரணம் என்றும் உரைத்தார்கள். வறுமையாலும் மருத்துவச் செலவாலும் வண்டியை அவசரமாக விற்பவரின் இக்கட்டைப் பயன்படுத்தி அடிமாட்டு விலைக்குக் கேட்போர் இந்நிகழ்ச்சியை நினைவில் கொள்ள வேண்டும்.

முடிவாக, எதை வாங்குவது? முழுத் தொகையும் கையில் உண்டு, பத்தாண்டுக்கு மேல் வைத்துக்கொள்வேன் என்பவர் புதிய சிறு காரை வாங்கலாம். கடன் வாங்கினாலன்றிப் புதியது இயலாது என்பவர், 2019-இன் பிற்பகுதிக்குப் பின் தயாரான, சர்வீஸ் ரசீதுகள் உள்ள, இம்மாநிலப் பதிவெண் கொண்ட பழைய காரை, நம்பத்தக்க மெக்கானிக்கைக் காட்டி வாங்குவதே மேல். விலையில் பத்தில் ஒரு பங்கையேனும் டயர், பேட்டரி, காப்பீட்டுக்கென ஒதுக்கி வைத்துக்கொள்ளட்டும். இரண்டுக்கும் வசதியில்லாதவர் பொறுத்திருந்து சேமிக்கட்டும். அவசர வேளைக்கு 108 ஆம்புலன்ஸும், அண்டை வீட்டார் வண்டியும் உண்டு. வண்டியுள்ள அண்டை வீட்டாருக்கும் ஒரு கடமை உண்டு. நள்ளிரவில் கதவு தட்டப்படும்போது சாவியை எடுத்துக்கொண்டு வெளியே வருகின்றவரின் கார் புதியதாயினும் பழையதாயினும், அதுவே அருள்பெற்ற வாகனம்.