பண்டிகை இரவும் வெள்ளை முகமூடியும்

வற்றாப்பளைக் கண்ணகி அம்மனின் வைகாசிப் பொங்கலுக்குப் பேர்போன முல்லைத்தீவு மண், கோவலன் கூத்துக்கும் பேர்போனது. முல்லைமோடியில் ஆடப்படும் அந்தக் கூத்தைப் பார்க்கக் குந்தியிருக்கும் சனத்தில், கோவலன் வெட்டுப்படப்போவது தெரியாத ஒருவர்கூட இருக்கமாட்டார். தெரிந்துகொண்டுதான் பாயை விரிக்கிறார்கள். கொலைக்களம் நெருங்க நெருங்க மத்தளம் மாறும். களரியைச் சுற்றிக் கதைபேச்சு அடங்கும். முடிவு தெரிந்த ஒரு கொடூரத்தைக் கூட்டமாக இருந்து பார்ப்பதில் மனிதருக்கு அப்படி என்ன ஈர்ப்பு? மேற்கில் 'ஸ்லாஷர்' என்று சொல்லும் படவகையைக் கழற்றிப் பார்த்தால் இந்தக் கேள்விக்கு நல்ல பதில் கிடைக்கிறது.

ஸ்லாஷர் படத்தின் கதை மிகச் சிறியது. கத்தியோடு ஒருவன் வருவான்; ஒவ்வொருவராகக் கொல்வான்; பெரும்பாலும் ஒரு பெண் மட்டும் கடைசிவரை நின்று தப்புவாள். இந்த வகையின் முன்னோடிகளில் இரண்டு, பண்டிகை நாளில் நடப்பவை. பொப் கிளார்க் ரொறொன்ரோவில் எடுத்த 'பிளாக் கிறிஸ்மஸ்' 1974 இல் வந்தது. ஜோன் கார்பென்ரரின் 'ஹலோவீன்' 1978 ஒக்ரோபரில் வந்தது. ஹலோவீன் என்ன பண்டிகை என்று வன்னியில் இன்று விளக்கத் தேவையில்லை. ஒக்ரோபர் 31 இல் பேய்வேடம் போட்டு வீடுவீடாக இனிப்புக் கேட்டுத் திரியும் பேரப்பிள்ளைகளின் படங்கள் கனடாவிலிருந்து கைபேசிக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன.

'ஹலோவீன்' ஏறத்தாழ 3 இலட்சம் டொலரில், 20 நாள் அளவில் எடுத்து முடிக்கப்பட்ட படம். ஹொலிவூட் கணக்கில் அது சில்லறைக் காசு. கதை நடப்பது இலையுதிர் காலத்தில். படம்பிடித்ததோ கலிபோர்னியாவில், வசந்த காலத்தில். அதனால் செயற்கை இலைகளுக்கு நிறம் தீட்டித் தெருவில் கொட்டி, காட்சி முடிந்ததும் பொறுக்கிச் சேர்த்து, அடுத்த காட்சிக்கு மறுபடி கொட்டினார்கள். கொலைகாரன் மைக்கேல் மையர்ஸின் முகமூடி, 'ஸ்டார் ட்ரெக்' தொடரின் கப்டன் கிர்க் முகத்தில் செய்து கடையில் விற்ற மலிவான இறப்பர் முகமூடிதான். கண் துளைகளைப் பெரிதாக்கி, வெள்ளைப் பூச்சு அடித்தார்கள். அவ்வளவுதான், அந்த முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. முகத்தைப் பார்த்து மனதை அறிவதே நமது பழக்கம். அதற்கு வழியில்லாத ஒரு முகம் எதிரே நிற்கும்போது மூளை ஓயாமல் தேடுகிறது. அந்தத் தேடலே அச்சமாகிறது. அதே 1978 இல் வந்த பாரதிராஜாவின் 'சிகப்பு ரோஜாக்கள்' இதற்கு நேரெதிரான வழியில் பயமுறுத்தியது. அதில் கொலைகாரன் கமல்ஹாசனின் அழகிய, சிரித்த முகத்தோடு வந்தான்.

அடுத்தது கமரா. 'ஹலோவீன்' படத்தின் முதல் நாலு நிமிடமளவு, வெட்டே இல்லாதது போலத் தோன்றும் ஒரே ஓட்டம். உடலில் கட்டி நடக்கும் கமராத் தாங்கியின் உதவியால், வீட்டைச் சுற்றி, உள்ளே நுழைந்து, கத்தியை எடுத்து, மாடி ஏறுவது நாமே என்பதுபோல இருக்கும். பிறகுதான் அந்தக் கண்கள் ஆறு வயதுப் பையனுடையவை என்று தெரியவரும். அதற்குப் பின் கமரா நம்மை வேறு இடத்தில் நிறுத்துகிறது. அகலமான சட்டகத்தின் ஓரத்தில், வேலியருகில், யன்னலுக்கு அப்பால் வெள்ளை முகம் நிற்கும். நாயகி பார்க்கமாட்டாள், நாம் பார்த்துவிடுவோம். திடீரென்று பாய்ந்து வருவதைவிட இதுதான் கூடப் பயமுறுத்துகிறது என்பது என் கணிப்பு. இரத்தம் கொட்டும் படம் என்று பேரெடுத்த இதில் உண்மையில் இரத்தம் மிகக் குறைவு.

இசை கார்பென்ரரே அமைத்தது. ஐந்தெண்ணிக்கைத் தாளத்தை அவருக்குச் சிறுவயதில் கற்றுக்கொடுத்தவர் அவரது தந்தை. நாலில் ஓடும் பாட்டுகளுக்குப் பழகிய காது, ஐந்தில் ஓடும் பியானோவைக் கேட்டு நிலைகொள்ளாமல் தவிக்கிறது. இசை சேர்க்காத பிரதியைப் பார்த்த ஒரு பட நிறுவன அதிகாரிக்குப் பயமே வரவில்லையாம். இசையோடு பார்த்தபோது அவரே கருத்தை மாற்றிக்கொண்டதைக் கார்பென்ரர் எழுதியிருக்கிறார். கூத்தில் அண்ணாவியாரின் பங்கை அறிந்தவர்களுக்கு இது புதினமாக இராது.

சரி, பண்டிகை எதற்கு? மற்ற நாட்களில் நம்மைக் காக்கும் பழக்கங்களைப் பண்டிகை தளர்த்திவிடுகிறது. கதவு திறந்திருக்கும், அந்நியரை வரவேற்போம், பிள்ளைகள் இரவில் வெளியே நிற்பார்கள். ஹலோவீன் அன்று முகமூடி போட்டவனை எவரும் சந்தேகிப்பதில்லை. 'பிளாக் கிறிஸ்மஸ்' படத்தில் வாசலில் சிறுவர்கள் கிறிஸ்மஸ் கீதம் பாடிக்கொண்டிருக்க, அதே நேரத்தில் மாடியில் ஒரு பெண் கொல்லப்படுகிறாள். பாட்டு அவளது ஓலத்தை மூடிவிடுகிறது. பாட்டும் கொலையும் மாறிமாறி வரும் அந்தக் காட்சியை நான் இந்த வகையின் உச்சம் என்பேன். இன்னொன்றும் உண்டு: பண்டிகை ஆண்டுதோறும் திரும்பி வரும், அதோடு படமும் திரும்பி வரும்.

உடலில் நடப்பதைப் பார்ப்போம். அபாயத்தைக் கண்டதும் மூளையின் அமிக்டலாப் பகுதி விழிக்கிறது; அதிரினலின் சுரக்கிறது; நெஞ்சு அடிக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது. திரையில் அபாயம் நீங்கினாலும் உடலின் துடிப்பு உடனே அடங்குவதில்லை. எஞ்சிய அந்தத் துடிப்பு அடுத்து வரும் ஆறுதலைப் பன்மடங்காக்கிக் காட்டுகிறது என்று விளக்கினார் டொல்ஃப் சில்மன் என்ற ஆய்வாளர். டென்மார்க்கின் ஓகுஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செயற்கைப் பேய்வீடு ஒன்றுக்குள் 110 பேரை அனுப்பி இதயத் துடிப்பை அளந்து, முடிவை 2020 இல் வெளியிட்டார்கள். பயம் குறைந்தாலும் இன்பம் குறைவு, மிஞ்சினாலும் குறைவு. நடுவில் உள்ள அளவான பயத்திலேயே இன்பம் உச்சம் தொட்டது. அந்த அளவு ஆளுக்கு ஆள் வேறு. ஒரே படத்தில் ஒருவர் கொட்டாவி விடுவதும் மற்றவர் எழுந்து போவதும் அதனால்தான்.

வன்னியில் இதை நாம் சற்றுக் கூடுதல் கவனத்தோடு எடுத்துக்கொள்ள வேண்டும். பயம் விளையாட்டாக இருப்பதற்கு, 'நான் இப்போது பத்திரமாக இருக்கிறேன்' என்ற நம்பிக்கை உடலுக்கு வேண்டும். யுத்தத்தில் 2009 வரை பதுங்குகுழிக்குள் இரவுகளைக் கழித்தவர்களில் பலருக்கு, பண்டிகைக்குக் கொளுத்தும் சீனவெடிச் சத்தமே இன்றும் உடலை உதறவைக்கிறது. அவர்களுக்கு இந்த வகைப் படம் பிடிக்காமல் போவது கோழைத்தனம் அல்ல. அவர்களின் உடல் கற்ற பாடம் வேறு. அதே காலத்தைக் கடந்த வேறு சிலர், தாங்களே நிறுத்தக்கூடிய பயம் என்பதாலேயே இத்தகைய படங்களை விரும்புகிறார்கள். இரண்டையும் மதிக்கவேண்டும்.

பார்க்க விரும்புவோர் 1978 ஆம் ஆண்டு 'ஹலோவீன்' படத்திலிருந்தே தொடங்குங்கள். பிறகு வந்த தொடர்ச்சிகள் அதற்குக் கிட்ட வரா. கூட்டாளிகளோடு இருந்து பாருங்கள், சிறுபிள்ளைகளைப் படுக்கவைத்துவிட்டுப் பாருங்கள். வீட்டில் யுத்தத்தைக் கண்ட பெரியவர்கள் இருந்தால், அவர்களைக் கேட்டபின்னரே ஒலியைக் கூட்டுங்கள்.