கோன் அசையாது

துபாய் அல் கூஸில் கிடங்குகளாக இருந்த தகரக் கூரைக் கட்டடங்கள் பலவற்றுக்குள் இன்று பேட்மின்டன் தளமும் கால்பந்து டர்ஃபும் இருக்கின்றன. வெளியே நாற்பது டிகிரிக்கு மேல் கொதிக்கும் மாதங்களில் நம் பிள்ளைகளின் ஓட்டமெல்லாம் இந்த ஏசி கூரைக்கு அடியில்தான். தரையில் நாலு ஆரஞ்சு கோன். ஓரத்தில் செல்பேசியில் ஸ்டாப்வாட்ச் ஓடவிட்டபடி ஓர் அப்பா. "போன மாசம் பதினொண்ணு புள்ளி எட்டு, இன்னிக்குப் பன்னெண்டு. என்னாச்சு இவனுக்கு?"

கேள்வி எளிது. பதில் மூன்று அடுக்குகளில் கிடக்கிறது.

முதல் அடுக்கு, அப்பாவின் கட்டைவிரல். பையன் கிளம்பியதைக் கண்டு பொத்தானை அழுத்தவே ஏறக்குறைய 0.2 விநாடி போய்விடும். முடிவுக் கோட்டிலோ அவன் வருவது முன்கூட்டியே தெரிவதால் விரல் முந்திக்கொள்ளும். அகாடமிகளில் ஒளிக்கற்றைக் கதவுகளை வைத்து நேரம் எடுப்பது இதனால்தான். கையால் எடுத்த இரண்டு நேரங்களுக்கு நடுவே 0.2 விநாடி வித்தியாசம் வந்தால், அது பையனுடையதா விரலுடையதா என்று பிரிக்க வழியில்லை.

இரண்டாவது, சோதனையே எதை அளக்கிறது என்பது. கோன் வைத்திருப்பது ஆங்கில 'டி' வடிவில்: 9.14 மீட்டர் முன்னோக்கி ஓட்டம், இடப்பக்கம் 4.57, வலப்பக்கம் 9.14, மறுபடி நடுவுக்கு, பிறகு பின்னோக்கியே ஆரம்பத்துக்கு. மொத்தம் முப்பத்தாறரை மீட்டர். இதில் நேர்வேகத்தைவிட நிற்பதும் திரும்புவதும்தான் கடினம். விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் வரும் 40 கிலோ பையன் அரை விநாடியில் நின்றால், அவன் கால்கள் தாங்கும் கிடைமட்ட விசை சராசரி 400 நியூட்டன். ஏறத்தாழ அவனுடைய எடையே அது. "இடுப்பைத் தாழ்த்து" என்று பயிற்சியாளர் கத்துவது இந்த விசை அவனைக் குப்புறத் தள்ளிவிடாமல் இருக்கத்தான். நல்ல ஓட்டக்காரன் திரும்பும் அடிக்கு முந்தின அடியிலேயே பிரேக்கில் பாதியைப் போட்டுவிடுவான்.

ஆனால் இதை லாவகம் என்று சொல்லலாமா? கோன் அசையாது. எங்கே திரும்ப வேண்டும் என்பது கிளம்பும்போதே தெரியும். மைதானத்தில் எதிராளி தோளை ஒரு பக்கம் சாய்த்துவிட்டு மறுபக்கம் போவான். 2006-ல் விளையாட்டு ஆய்வாளர்கள் ஷெப்பர்டும் யங்கும், ஒரு தூண்டலுக்கு எதிர்வினையாக உடம்பு முழுவதும் வேகத்தையோ திசையையோ மாற்றுவதே லாவகத்துக்கு இலக்கணம் என்று வரையறுத்தார்கள். ஆஸ்திரேலியக் கால்பந்து வீரர்களிடம் செய்த சோதனையில், முன்பே தெரிந்த பாதையில் ஓடவிட்டபோது உயர்நிலை வீரருக்கும் அடுத்த நிலை வீரருக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. எதிரே ஒரு மனிதர் நகர, அதைப் பார்த்துத் திரும்பச் சொன்னபோது மேலானவர்கள் தனியே தெரிந்தார்கள். கால்கள் அல்ல, கண்ணும் முடிவும்தான் அவர்களைப் பிரித்தன.

நம்மவர்களுக்கு இது புதிதில்லை. சடுகுடுவில் பாடிப் போகிறவனும் யாழ்ப்பாணத்துக் கிளித்தட்டில் கோட்டைக் காக்கிறவனும் எதிராளியின் இடுப்பைப் பார்த்தே வளர்ந்தவர்கள். பதினைந்தாவது மாடியில் வளரும் பிள்ளைக்குத் தெருவும் இல்லை, கிளித்தட்டும் இல்லை. அந்த இடத்தைக் கோன் பிடித்துக்கொண்டது. ஒளிரும் பட்டன்களைத் தட்டும் விலையுயர்ந்த கருவிகள் அதை ஈடுகட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. பட்டன் ஏமாற்றுவதில்லையே.

மூன்றாவது அடுக்கு, பையனின் வளர்ச்சி. அதைப் பார்க்கத் தோஹா போக வேண்டும். 2004-ல் கத்தார் தொடங்கிய அஸ்பயர் அகாடமி, சில லட்சம் குடிமக்களுக்குள்ளிருந்து ஓர் அணியையே உருவாக்க வேண்டியிருந்தது. அங்கே படித்த அல்மோஸ் அலி 2019 ஆசியக் கோப்பையில் 9 கோல் போட்டார். பிப்ரவரி 1 அன்று அபுதாபியில் ஜப்பானை 3-1 என்று வென்று கத்தார் கோப்பையைக் கைப்பற்றியது. இவ்வளவு சிறிய நாட்டில் ஒரு பையனைத் தவறாகக் கழித்துவிட்டால் இழப்பு பெரிது. அதனால்தான் அதே வளாகத்து அஸ்பெடர் மருத்துவமனையினர் எலும்பு வயதில், அதாவது எலும்பு எவ்வளவு முதிர்ந்திருக்கிறது என்பதில், அத்தனை அக்கறை காட்டுகிறார்கள். அவர்கள் பங்கேற்று 2017-ல் வெளியான ஆய்வு, அகாடமித் தேர்வில் பிறந்த மாதத்தைவிட எலும்பின் முதிர்ச்சிக்கே அதிகத் தொடர்பு என்று காட்டியது. ஒரே வகுப்புப் பையன்கள் இருவரின் எலும்புக்குள் சில வருட வித்தியாசம் இருக்கலாம்.

ஆண்பிள்ளைகள் சுமார் 14 வயதிலும் பெண்பிள்ளைகள் சுமார் 12-லும் மளமளவென்று உயர்கிறார்கள். முதலில் நீள்வது கால். உடற்பகுதி பின்னால் வரும், தசைவலு அதற்கும் பின்னால். மூளையிடம் இருப்பதோ பழைய காலின் கணக்கு. சில பிள்ளைகள் சில மாதம் தடுமாறுவார்கள். முழங்கால் சில்லுக்குக் கீழே வலி என்பார்கள். அந்த நேரத்தில் திடீர் நிறுத்தங்களைக் கூட்டினால் வலிதான் கூடும்.

அந்த அப்பாவுக்கு ஸ்டாப்வாட்சைவிட உதவக்கூடியது ஒரு பென்சில். மூன்று மாதத்துக்கு ஒருமுறை உயரத்தைக் குறித்து வையுங்கள். கோடுகளுக்கு நடுவே இடைவெளி திடீரென்று விரிந்தால், பன்னிரண்டு விநாடிக்குக் காரணம் அங்கேயே இருக்கலாம். வாடகை வீட்டுச் சுவரில் மட்டும் வேண்டாம், டெபாசிட்டில் பிடித்துவிடுவார்கள். அலமாரிக் கதவின் உட்பக்கம் போதும்.