கருவாடா, பந்தா? வளை காட்டும் நாய்க்கு எது பரிசு?

நெல் கதிர் வாங்கும் நேரம் எலிக்குக் கொண்டாட்டம். கீழ்பென்னாத்தூர் பக்கம் நெல் வயலோடு மல்லாட்டைக் கொல்லையிலும் அதன் கைவரிசை உண்டு. ஆனால், வரப்பில் தெரியும் எல்லா வளையிலும் எலி இருப்பதில்லை. எதில் இருக்கிறது என்று வெட்டிப் பார்த்தால் வரப்புதான் பாழாகும். வீட்டு நாயின் மூக்குக்கு அது கஷ்டமான வேலை இல்லை. கண்டுபிடித்ததும் தோண்டாமல், நின்று காட்ட அதைப் பழக்க வேண்டும். அதற்கு அடியும் அதட்டலும் உதவாது, பரிசுதான் உதவும்.

புலித்தோல், யானைத் தந்தம் போன்றவற்றைக் கண்டுபிடிக்கும் மோப்ப நாய்களை டிராஃபிக் அமைப்பு 2008-ம் ஆண்டிலிருந்து இந்தியாவில் உருவாக்கி, வனத்துறைகளுக்குக் கொடுத்து வருகிறது. மத்தியப் பிரதேசத்தின் தேகன்பூரில் உள்ள எல்லைப் பாதுகாப்புப் படை மையத்தில் இவற்றுக்குப் பயிற்சி நடந்தது. சீமை நாய்களுக்குத்தான் இது வரும் என்றில்லை. 2021 அக்டோபரில் நீலகிரியில் டி-23 புலியைத் தேடியபோது, ‘அதவை’ என்ற நம் நாட்டு இன நாயும் களத்தில் இறங்கியது.

தந்தத்தின் விலை நாய்க்குத் தெரியாது. அந்த வாசனையைக் காட்டிக் கொடுத்தால் தனக்குப் பிடித்தது கிடைக்கும் என்பது மட்டுமே தெரியும். அதனால், பரிசு என்ன என்பதை நாயிடம்தான் கேட்க வேண்டும்.

நாயே சொல்லட்டும்

அவித்த முட்டைத் துண்டு, எலும்பில்லாத கோழிக்கறி, பந்து, முறுக்கிய சணல் கயிறு ஆகியவற்றில் இரண்டிரண்டாக எடுத்து, இடைவெளி விட்டு வைக்க வேண்டும். நாய் முதலில் எதற்கு ஓடுகிறது என்று பார்த்து, இடத்தை மாற்றி வைத்து நாலைந்து முறை சோதிக்க வேண்டும். திரும்பத் திரும்ப எதைத் தேடிப் போகிறதோ, அதுவே பரிசு. அதை மற்ற நேரங்களில் கண்ணில் காட்டக் கூடாது. தினமும் கிடைத்தால் அதற்கு மதிப்பில்லை.

கருவாடு வேண்டாம்

நாய்க்குக் கருவாடு என்றால் உயிர். ஆனால், வயலில் அதுவே உயிரை எடுக்கும். எலிக்கு வைக்கும் துத்தநாக பாஸ்பைடு விஷத்தை 1 பங்குக்கு 49 பங்கு பொரி அல்லது கருவாட்டோடு கலப்பது வழக்கம். கருவாட்டுக்குப் பழகிய நாய், பக்கத்து வயலில் வைத்த விஷத்தையும் பரிசு என்று நினைத்து விழுங்கிவிடும். அதே காரணத்தால், எந்தத் தீனியையும் தரையில் வீசிக் கொடுக்கக் கூடாது. கையிலிருந்து மட்டுமே வாங்கப் பழக்க வேண்டும். பந்து பிடிக்கும் நாய் என்றால் பந்தே உத்தமம்; அது வாய்க்குள் போகாத அளவு பெரிதாக இருக்க வேண்டும்.

பிடித்த எலியையும் பரிசாகக் கொடுக்கக் கூடாது. விஷம் தின்ற எலியாக இருக்கலாம், எலிக்காய்ச்சலும் தொற்றலாம். அதற்கான தடுப்பூசியைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுப் போட்டுக்கொள்வது நல்லது. வளையில் பாம்பும் இருக்கும் என்பதால், நாய் நின்று காட்டியதும் பின்னால் அழைத்துவிட வேண்டும்.

கொடுக்கும் நேரம்

சரியான வளையைக் காட்டிய ஓரிரு நொடிக்குள் பரிசு கைமாற வேண்டும். தாமதித்தால், எதற்குக் கிடைத்தது என்று நாய்க்குப் புரியாது. தீனி நகக்கண் அளவு போதும். வயிறு நிறைந்தால் மூக்கு வேலை செய்யாது. மூச்சிரைக்கும் நாயால் சரியாக மோப்பம் பிடிக்க முடியாது என்பதால் வெயில் ஏறுமுன், சாப்பாட்டுக்கு முன், பத்து நிமிடம் பழக்கினால் போதும். வெறும் வளையைக் காட்டினால் பரிசும் இல்லை, திட்டும் இல்லை.

விஷம் வைத்த வயலில் நாயை இறக்கவே கூடாது. தவறித் தின்றுவிட்டால், வைத்தியம் பார்த்துக்கொண்டு நேரத்தைக் கடத்தாமல், விஷப் பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.