வெள்ளை நாய்க்குக் காது கேட்கிறதா?

காவலுக்கு நாய் வாங்கப் போகிறவர்கள் நிறம் பார்ப்பார்கள், உயரம் பார்ப்பார்கள், வாலைக்கூடப் பார்ப்பார்கள். காது கேட்கிறதா என்று பார்ப்பவர்கள் எத்தனை பேர்?

நம்ம ஊர் ராஜபாளையம் நாய்க்குத் தனி மதிப்பு உண்டு. 2005-ம் ஆண்டு ஜனவரியில் இந்தியத் தபால் துறை வெளியிட்ட நான்கு நாய்த் தபால் தலைகளில் இதுவும் ஒன்று. உடம்பில் ஒரு புள்ளிகூட இல்லாத பால் வெள்ளை, ரோஜா நிற மூக்கு. இதைத்தான் எல்லோரும் கேட்டு வாங்குகிறார்கள். சிக்கலும் இந்த வெள்ளையில்தான் இருக்கிறது. இந்த இனத்தில் சில குட்டிகள் பிறவியிலேயே செவிடு.

நிறத்துக்கும் காதுக்கும் என்ன சம்பந்தம்?

தோலுக்கு நிறம் கொடுக்கும் அதே வகை செல்கள் உள்காதிலும் உண்டு. அங்கே ரத்த ஓட்டம் சீராக இருக்க அவை தேவை. அவை இல்லாவிட்டால், பிறந்து மூன்று நான்கு வாரங்களில் ஒலியை உணரும் நுண்ணிய செல்கள் மடிந்துவிடும். டால்மேஷன் இனத்திலும் இதே கதைதான். அமெரிக்காவில் சோதித்தபோது நூற்றுக்கு சுமார் 30 டால்மேஷன்களுக்கு ஒரு காதோ இரண்டு காதுமோ கேட்கவில்லை. நீலக் கண் இருந்தால் ஆபத்து இன்னும் கூடுதல்.

"டாக்டர், காதுல ஊத்த ஏதாவது தைலம் இருக்கா?" என்று கேட்பார்கள். நான் சித்த மருத்துவன்தான். ஆனாலும் சொல்கிறேன், மடிந்த செல்லை எந்தத் தைலமும் எழுப்பாது. பூண்டு எண்ணெயைக் காய்ச்சி ஊற்றினால் புண்தான் மிஞ்சும்.

மலையில் ஏன் கூடுதல் கவனம்?

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய வீடுகளின் வாசல்வரை சிறுத்தை வந்து நாயைக் கவ்விக்கொண்டு போவது உண்டு. காது கேட்கிற நாய்க்கே தப்பிப்பது கஷ்டம். கேட்காத நாய் குரைத்து உங்களை எழுப்பவும் செய்யாது. இன்னொன்று, தூங்கும் செவிட்டு நாயைக் குழந்தை திடீரென்று தொட்டால், பயத்தில் கடித்துவிடலாம்.

வீட்டிலேயே சோதிப்பது எப்படி?

குட்டிக்கு ஐந்தாறு வாரம் ஆகியிருக்கட்டும். மற்ற குட்டிகளிடமிருந்து பிரித்துத் தனி அறையில் விடுங்கள். கூட்டத்தில் இருந்தால், மற்றவை திரும்புவதைப் பார்த்து இதுவும் திரும்பிவிடும். அது உங்களைப் பார்க்காதபோது, பின்னால் சற்றுத் தள்ளி நின்று சாவிக்கொத்தைக் குலுக்குங்கள், எவர்சில்வர் தட்டில் கரண்டியால் தட்டுங்கள். காலைத் தரையில் உதைக்காதீர்கள், அதிர்வை உணர்ந்துவிடும். பக்கத்தில் போய்க் கை தட்டாதீர்கள், காற்று பட்டுத் திரும்பும். இடைவெளி விட்டு மூன்று நான்கு முறை பாருங்கள். தூங்கும்போதும் ஒருமுறை பாருங்கள்.

ஒரு காது மட்டும் கேட்காத குட்டி இந்தச் சோதனையில் தப்பிவிடும். அதற்கு 'பேயர்' என்ற பரிசோதனைதான் வழி. பிறந்த குழந்தைகளுக்குச் செய்கிறார்களே 'பெரா' டெஸ்ட், அதேதான். காதில் ஒலியைச் செலுத்தி, மூளையில் எழும் மின் அலைகளைக் கருவி பதிவு செய்யும். சில நிமிட வேலை. பிறவிக் குறைபாட்டுக்கு வாழ்நாளில் ஒருமுறை பார்த்தால் போதும். எங்கே செய்யலாம் என்று உங்கள் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள்.

செவிடு என்று தெரிந்தால்?

தெருவில் விட்டுவிடாதீர்கள். கை சைகை காட்டிப் பழக்கினால் நன்றாகவே கற்றுக்கொள்ளும். வெளியே போகும்போது சங்கிலி அவசியம். இரவில் வீட்டுக்குள் படுக்க வையுங்கள். குழந்தைகளிடம், "தூங்கும்போது தொடாதே, முன்னால வந்து நில்லு" என்று சொல்லி வையுங்கள்.

முக்கியமாக, கருத்தடை செய்துவிடுங்கள். ஒரு காது கேட்காத நாயையும் இனப்பெருக்கத்துக்கு விடக்கூடாது, அதன் குட்டிகளுக்கும் குறை வரலாம். பிரிட்டனில் டால்மேஷன் வளர்ப்பவர்கள் பல வருடம் விடாமல் சோதித்தார்கள். அங்கே செவிட்டுக் குட்டிகள் கணிசமாகக் குறைந்திருக்கின்றன.

அடுத்த முறை குட்டி வாங்கப் போகும்போது, "சுத்த வெள்ளையா?" என்று கேட்கும் முன், "இதுக்கும் தாய் தகப்பனுக்கும் காது சோதிச்சீங்களா?" என்று கேளுங்கள். வாங்குகிறவர்கள் கேட்டால்தான் விற்கிறவர்கள் சோதிப்பார்கள்.