பிளேனர் மெஷின் வாங்கப் போறீங்களா? பணத்தைக் கொடுக்கும் முன் இதைப் படிங்க!

சென்னை:

வீட்டுக்குப் பின்னால் நாலு தகரம் போட்டு பட்டறை வைத்திருக்கும் தச்சர்களுக்கு ஒரு ஆசை உண்டு. மில்லுக்கு மரத்தைத் தூக்கிக்கொண்டு அலையாமல், சொந்தமாக ஒரு இழைப்பு எந்திரம் வாங்கிப் போட்டால் என்ன என்பதுதான் அது.

ஆசை நியாயமானதுதான். ஆனால் சீட்டு எடுத்தும், நகையை அடகு வைத்தும் வாங்கிய எந்திரம் வேலைக்கு ஆகாமல் மூலையில் கிடந்தால் வட்டி கட்டுவது யார்? எனவே எது வாங்க வேண்டும், யாருக்கு அது தேவை என்பதை முதலில் தெரிந்துகொள்வது நல்லது.

பெயர் ஒன்று, எந்திரம் மூன்று

கடையில் போய் "பிளேனர் கொடுங்க" என்று கேட்டால் 3 விதமான எந்திரங்களைக் காட்டுவார்கள்.

முதலாவது, கையில் பிடித்து ஓட்டும் பிளேனர். பெரும்பாலும் 82 மி.மீ. (சுமார் 3¼ அங்குலம்) அகலம் சீவும். கதவு தட்டினால் ஓரம் சீவ இதுதான் உதவும்.

இரண்டாவது, சர்பேஸ் பிளேனர். நீளமான இரும்பு மேஜையில் பலகையைத் தள்ளினால் கீழே சுற்றும் பிளேடு அடிப்பக்கத்தைச் சீவும். வளைவு, முறுக்கு எல்லாம் போய் ஒரு பக்கம் மட்டமாகும்.

மூன்றாவதுதான் திக்னஸ் பிளேனர். பலகையை ஒரு வாயில் விட்டால் உருளைகள் அதை இழுத்துக்கொள்ளும். மேலே சுற்றும் பிளேடு மேல் பக்கத்தைச் சீவி, தலை முதல் வால் வரை ஒரே கனத்தில் வெளியே தள்ளும். இதில் சின்ன ரகத்தை மேஜை மேல் தூக்கி வைத்துக்கொள்ளலாம்.

வளைந்த பலகை நேராகாது

பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். திக்னஸ் பிளேனர் கனத்தை மட்டுமே சீராக்கும், வளைவை எடுக்காது. முறுக்கிய பலகையை உள்ளே விட்டால் உருளைகள் அதை அழுத்திப் பிடித்துச் சீவும். வெளியே வந்ததும் பலகை பழையபடி முறுக்கிக்கொள்ளும். கனம் சரியாக இருக்கும், ஆனால் கதவு சட்டம் உட்காராது.

எனவே ஒரு பக்கத்தை முதலில் மட்டமாக்கியே தீர வேண்டும். சர்பேஸ் பிளேனர் இல்லாதவர்கள் கை இழைப்புளியால் ஒரு பக்கத்தை மட்டம் பார்த்து இழைத்துவிட்டு, அந்தப் பக்கத்தைக் கீழே வைத்து உள்ளே விடலாம். இரண்டு வேலையும் செய்யும் கூட்டு எந்திரங்களும் உண்டு. அவற்றுக்கு இடமும் பணமும் கூடுதலாக வேண்டும்.

யாருக்குத் தேவை?

உங்கள் வேலை முக்கால்வாசி பிளைவுட், மைக்கா என்றால் இந்த எந்திரமே வேண்டாம். பிளைவுட்டை இதில் விடக்கூடாது. அதில் உள்ள பசை, பிளேடின் கூரைத் தின்றுவிடும். தேக்கு, வேம்பு, வேங்கை, பலா என்று கட்டை மரத்தில் நிலை, கதவு, கட்டில் செய்கிறவர்களுக்குத்தான் இது லாபம்.

கணக்கு ரொம்ப சுலபம். மில்லுக்குக் கொடுக்கும் இழைப்புக் கூலியும் ஆட்டோ வாடகையும் சேர்த்து மாதம் 3 ஆயிரம் ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். எந்திரம் 60 ஆயிரம் ரூபாய் என்றால் போட்ட பணம் வர 20 மாதம் ஆகும். கரண்டு, பிளேடு, கடன் வட்டி எல்லாம் இதற்கு மேல்தான். மாதம் 500 ரூபாய் வேலைதான் மில்லுக்குப் போகிறது என்றால் மில்லே போதும்.

அகலமும் பிளேடும்

மேஜை ரகத்தில் 12, 13 அங்குல அகலம்தான் வழக்கம். மகிட்டா 2012என்பி மாடல் 304 மி.மீ., அதாவது 12 அங்குலம் சீவும். எடை சுமார் 28 கிலோ. ஒரே ஆள் தூக்கலாம். டீவால்ட் 735 மாடல் 13 அங்குலம், 3 பிளேடு. எடை 40 கிலோவைத் தாண்டும். அதில் 2 வேகம் உண்டு. ஒரு அங்குலத்துக்கு 96 வெட்டு விழுவது ஒன்று, 179 வெட்டு விழுவது இன்னொன்று. வெட்டு கூடக்கூட மரம் வழுவழுப்பாக வரும்.

பிளேடு விலையையும், அது உள்ளூரில் கிடைக்குமா என்பதையும் எந்திரம் வாங்கும் முன்பே விசாரியுங்கள். இரண்டு பக்கமும் கூர் உள்ள பிளேடு என்றால் ஒரு பக்கம் மழுங்கியதும் திருப்பிப் போடலாம். தேக்கில் இயற்கையாகவே மணல் சத்து உண்டு. அதனால் தேக்கு வேலை செய்பவர்களுக்கு பிளேடு சீக்கிரம் மழுங்கும்.

ஆணி இருந்தால் அம்போ!

காரைக்குடி பக்கம் பழைய வீடுகளைப் பிரிக்கும்போது வரும் பர்மா தேக்கு அருமையான மரம். ஆனால் உள்ளே முறிந்த ஆணி இருக்கும். ஒரே ஒரு ஆணி போதும், பிளேடு பல் பல்லாகப் போய்விடும். பழைய மரம் என்றால் நல்ல காந்தத்தால் தடவிப் பார்த்து, ஆணியைப் பிடுங்கிய பிறகே உள்ளே விட வேண்டும்.

ஒரே தடவையில் ஒரு நூல் எடுக்க ஆசைப்படக் கூடாது. அகலப் பலகையில் ஒரு தடவைக்கு அரை நூலுக்கும் குறைவாக, அதாவது 1 மி.மீ. அளவுக்கு எடுத்தால் மோட்டாரும் பிழைக்கும், மரமும் பிய்யாது.

கரண்டு விஷயம்

1,650 வாட் மோட்டார் 230 வோல்ட்டில் சுமார் 7 ஆம்பியர் இழுக்கும். மின்விசிறி போடும் சின்ன பிளக்கில் மாட்டினால் பிளக் கருகும். 15 ஆம்பியர் பவர் பிளக், சரியான எர்த், தடிமனான ஒயர் கட்டாயம்.

அமெரிக்காவில் இருந்து சொந்தக்காரர் கொண்டுவந்து தருகிறார் என்றால் உஷார். அங்கே 120 வோல்ட். நேரடியாக மாட்டினால் மோட்டார் புகைந்துவிடும். அதற்கு ஏற்ற டிரான்ஸ்பார்மர் செலவையும் விலையோடு கூட்டிப் பாருங்கள்.

இன்னொன்று, கூலிக்கு வேலை செய்யும் பட்டறையை வீட்டு மீட்டரில் ஓட்டக் கூடாது. 2003-ம் ஆண்டு மின்சாரச் சட்டம் 126-வது பிரிவின்படி, வாங்கிய காரணம் ஒன்று, பயன்படுத்துவது வேறு என்றால் உரிய கட்டணத்தைப் போல 2 மடங்கு போடுவார்கள். பட்டறைக்கு எந்த இணைப்பு வேண்டும் என்று மின்வாரிய அலுவலகத்தில் முன்பே கேட்டுவிடுங்கள்.

விரல் பத்திரம்

லுங்கி தொங்க, தோளில் துண்டு போட்டுக்கொண்டு எந்திரம் பக்கம் நிற்கவே கூடாது. கையுறையும் வேண்டாம். உருளை இழுத்தால் கையோடு போகும். ஒரு அடிக்குக் குறைந்த துண்டுகளை உள்ளே விடாதீர்கள். பலகை சில நேரம் பின்னால் எகிறும், அதனால் நேர் எதிரே நிற்காமல் ஒதுங்கி நில்லுங்கள். சீவல் அடைத்தால் கையை விடாதீர்கள். முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள்.

இந்த ரக மோட்டார் காது கிழியக் கத்தும். காதுக்கு அடைப்பான் தேவை. மரத்தூளை லேசாக நினைக்க வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, 1995-ம் ஆண்டிலேயே மரத்தூளை புற்றுநோய் உண்டாக்கும் பொருட்கள் பட்டியலில் சேர்த்துவிட்டது. முகத்துக்கு நல்ல மாஸ்க் போடுங்கள்.

கடையில் என்ன பார்க்க வேண்டும்?

ஒரு பக்கம் மட்டமாக்கிய 3 அடி பலகை ஒன்றைக் கையோடு கொண்டு போங்கள். "ஓட்டிக் காட்டுங்க" என்று கேளுங்கள். வெளியே வந்ததும் 4 மூலையிலும் கனத்தை அளந்து பாருங்கள். பலகையின் தலையிலும் வாலிலும் 2, 3 அங்குலத்துக்குக் குழி விழுந்திருக்கிறதா என்று மட்டப்பலகை வைத்துப் பாருங்கள். லேசாக விழுவது சகஜம்தான். ரொம்ப ஆழமாக விழுந்தால் ஒவ்வொரு பலகையிலும் அந்த நீளம் வீண்.

பிளேடு, பெல்ட், கார்பன் பிரஷ் மூன்றும் உங்கள் ஊரில் கிடைக்குமா, ரிப்பேர் பார்க்க எங்கே போக வேண்டும் என்று கேளுங்கள். இதற்குச் சரியான பதில் சொல்லாத கடையில், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாங்க வேண்டாம்.