மணிக்கொரு தட்டு

கரு உருவாகி இரண்டு மாதம்கூட நிறையாத நாட்களில், மூக்கு அமையப்போகும் இடத்தில் சில உயிரணுக்கள் பிறக்கின்றன. அவை பிறந்த இடத்தில் தங்குவதில்லை. முகர்வு நரம்புகளைப் பற்றிக்கொண்டு ஊர்ந்து மூளைக்குள் புகுந்து, ஹைப்போதாலமஸ் பகுதியில் குடியேறுகின்றன. கோடானுகோடி நரம்பணுக்களுக்கு நடுவே இவை ஓராயிரம் ஈராயிரம்தான். பிள்ளையைப் பின்னாளில் வயதுக்கு வரவைப்பது இந்தச் சின்னக் கூட்டமே. பயணம் பாதியில் நின்றுபோனால் பருவமும் வராது, மணமும் தெரியாது. மருத்துவர்கள் கால்மன் நோய் என்பது இதைத்தான். மூக்குக்கும் மீசைக்கும் முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறான் படைத்தவன்!

பிள்ளை பிறந்து சில மாதங்கள் இவை விழித்திருந்து, பிறகு அடங்கிவிடுகின்றன. பல ஆண்டு மௌனம். அது கலைவதும் இரவில்தான். பிள்ளை அயர்ந்து தூங்கும்போது இந்த அணுக்கள் ஒரு ஹார்மோனை அனுப்பிப் பிட்யூட்டரி சுரப்பியைத் தட்டத் தொடங்குகின்றன, விட்டு விட்டு, ஏறக்குறைய மணிக்கொரு முறை.

இந்தத் தாளத்தின் அருமையை உணர்த்தியவர் எர்ன்ஸ்ட் நோபில். 1970களின் இறுதியில் பிட்ஸ்பர்க்கில் அவர் குழு, ஹைப்போதாலமஸ் செயலிழந்த குரங்குகளுக்கு அந்த ஹார்மோனை மணிக்கொரு முறை செலுத்தியது, பிட்யூட்டரி விழித்தது. அதையே இடைவிடாமல் செலுத்தினார்கள், அடங்கிப்போனது. கூடக் கொடுத்தால் கூடப் பலன் என்ற நம் கணக்கு இங்கே செல்லாது.

மனத்தின் கதையும் அப்படித்தான். சிறு வயதில் மனச்சோர்வு ஆண், பெண் பிள்ளைகளிடம் ஏறத்தாழ ஒரே அளவு. பருவத்துக்குப் பின் பெண் பிள்ளைகளிடம் சுமார் இரு மடங்காகிறது. உடனே ஈஸ்ட்ரோஜன்மீது பழி போடுகிறோம். ஆனால் இரத்தத்தில் ஒரே அளவு ஹார்மோன் உள்ள இரு சிறுமிகளில் ஒருத்தி துள்ளித் திரிகிறாள், இன்னொருத்தி கதவைச் சாத்திக்கொள்கிறாள். வீட்டின் சூழல், பரம்பரை, தூக்கம் எல்லாம் இதில் சேர்கின்றன. ஹார்மோனை ஏற்கும் மூளையும் மாறிக்கொண்டே இருக்கிறது. மனஅழுத்த நேரத்தில் உடலே சுரக்கும் ஒரு பொருள் வளர்ந்த எலியின் பதற்றத்தைத் தணிக்கிறது; பருவமடையும் எலியிடம் அதே பொருள் பதற்றத்தைக் கூட்டுகிறது என்று 2007இல் நியூயார்க்கில் ஷெரில் ஸ்மித் குழு கண்டது. எலியின் கணக்கை அப்படியே பிள்ளைக்கு எழுதிவிட முடியாதுதான். என்றாலும் “எல்லாம் வயசுக் கோளாறு” என்று தள்ளிவிடும் பெரியவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். வாரக்கணக்கில் சோறும் தூக்கமும் விளையாட்டும் கசந்துபோன பிள்ளைக்கு வேண்டியது மருத்துவர்.

முந்திப் பூப்படையும் சிறுமிகளுக்கு இந்தச் சோர்வின் ஆபத்து சற்றுக் கூடுதல். ஆறேழு வயதிலேயே பருவம் தொடங்கிவிட்டால், நோபில் கண்ட அந்த ‘இடைவிடாத’ வழியைத்தான் மருத்துவர்கள் கையாள்கிறார்கள். நீண்ட நாள் நின்று வேலை செய்யும் ஊசியால் தாளம் அமுங்குகிறது, பருவம் நிற்கிறது. உரிய வயதில் ஊசியை நிறுத்துகிறார்கள். எடுத்துக் கொடுக்க யாரும் தேவையில்லை. சில மாதங்களில், மூக்கோரம் பிறந்த அந்த அணுக்கள் தாமாகவே மீண்டும் தட்டத் தொடங்குகின்றன.