ரீலிலிருந்து தாள் வெட்டுவோர் கவனத்துக்கு



நோட்டுப் புத்தகத் தொழில் தொடங்க வட்டியில்லாக் கடன் கேட்டு வருகிறவர்களிடம் நாங்கள் முதலில் கேட்பது, "கழிவுத்தாளை எப்படிக் குறைப்பீர்கள்?" என்பதுதான். போட்ட முதலை விழுங்குவது அதுவே.

1586-இல் 'அடியார் வரலாறு' அச்சான நம் புன்னைக்காயலில் அன்று பயன்பட்டது கையால் செய்த தனித்தாள். இன்று ஆலைகளிலிருந்து காகிதம் ரீலாக வருகிறது. வெட்டும்போது தாள் சுருங்கினாலோ அறுந்தாலோ பலரும் கத்தியைத்தான் குறை சொல்கிறார்கள். பெரும்பாலும் கோளாறு கத்திக்கு முன்பே தொடங்கிவிடுகிறது.

மெஷினை நிறுத்திவிட்டு, ஒரு சுருக்கத்துக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளியை டேப்பால் அளந்து பாருங்கள். 1 மீட்டர் விட்டமுள்ள ரீலின் சுற்றளவு சுமார் 3.14 மீட்டர். அந்த இடைவெளியில் கோளாறு திரும்பத் திரும்ப வந்தால் ரீல் நசுங்கி வட்டம் கெட்டிருக்கலாம். 31.4 செ.மீ. இடைவெளியில் வந்தால் 10 செ.மீ. விட்டமுள்ள உருளையைப் பாருங்கள்; அதில் அழுக்கு ஒட்டியிருக்கும் அல்லது அது தேய்ந்திருக்கும். சுருக்கம் கோணலாக ஓடினால் உருளைகள் ஒன்றுக்கொன்று நேராக இல்லை என்று பொருள்.

அடுத்தது பிரேக். 1 மீட்டர் ரீலுக்கு வைத்த பிரேக்கை, ரீல் அரை மீட்டராகக் குறைந்த பிறகும் அப்படியே விட்டால் தாள் மீதான இழுவை இரண்டு மடங்காகும், தாள் அறும். அதனால் ரீல் சிறுக்கச் சிறுக்கப் பிரேக்கைத் தளர்த்த வேண்டும். ஒரேயடியாகத் தளர்த்தினாலும் தாள் தொய்ந்து பக்கவாட்டில் நகரும். வெட்டும் நீளமும் மாறும்.

கடலோரத்தில் நமக்குள்ள தனித் தொல்லை ஈரக்காற்று. உறை பிரித்த ரீலின் ஓரங்கள் ஈரத்தை உறிஞ்சி நீள்கின்றன. நடுப்பகுதி அப்படியே இருக்கிறது. அதனால் ஓரம் அலை அலையாகிறது. பிரேக்கை எவ்வளவு திருகினாலும் இது சரியாகாது. வெட்டும் நாளன்று மட்டும் உறையைப் பிரியுங்கள். மிச்ச ரீலைப் பிளாஸ்டிக் விரிப்பால் இறுக மூடுங்கள். வெறும் தரையில் வைக்காமல் மரப்பலகை மேல் நிமிர்த்தி வையுங்கள்; படுக்கவைத்துப் பாரம் ஏற்றினால் நசுங்கும்.

'ரீம்' என்ற சொல் 'ரிஸ்மா' என்னும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது; 'கட்டு' என்று பொருள். ஒரு ரீமுக்கு 500 தாள். அளவு குறைந்த தாளை உள்ளே செருகி எண்ணிக்கையை நிரப்பாதீர்கள். வாங்குகிறவர் நம்பிக் கொடுக்கும் காசு அமானிதம். ரீலைக் கவனித்தால் கழிவு குறையும், கடனும் சுலபமாக அடையும், இன்ஷா அல்லாஹ்.